நிலைமின்சாரம்: டேப்பில் தொடங்கி எலக்ட்ரான்களை எண்ணுவது வரை

சீப்பைத் தலைமுடியில் தேய்த்து, கிழித்துப் போட்ட காகிதத் துணுக்குகளைத் தூக்கிக் காட்டுவதோடு நிலைமின்னியல் நம்மில் பலருக்கு முடிந்துவிடுகிறது. அழகான சோதனைதான். ஆனால் மின்னூட்டத்தைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. காகிதத்தில் மின்னூட்டம் இல்லாவிட்டாலும் சீப்பு அதை ஈர்க்கும். அதனால் ஈர்ப்பை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. விலக்கம்தான் சான்று. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தள்ளினால், இரண்டிலும் மின்னூட்டம் இருக்கிறது, அதுவும் ஒரே வகை மின்னூட்டம் என்று தயங்காமல் சொல்லலாம். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டே நகர்கின்றன. ஒரு விடுமுறை நாள் போதும். கடைசிப் படியில் மட்டும் கொஞ்சம் கணக்கு வரும்.

முதலில் காற்றைக் கவனியுங்கள்

நம் ஊரில் இந்தச் சோதனைகள் தோற்பதற்கு முதல் காரணம் ஈரப்பதம். ஈரமான காற்றில் எல்லாப் பொருள்களின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. சேர்ந்த மின்னூட்டம் அதன் வழியே சில நொடிகளில் கசிந்து போய்விடும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஏசி அறையில் ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குவது நல்லது, ஏனென்றால் ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்து வெளியேற்றுகிறது. மதுரை, திருச்சி, வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோடைப் பிற்பகலே போதும். மழை நாளில் முயன்று மனம் தளர வேண்டாம்.

இதே உண்மையைக் கோவை நூற்பாலைகள் எதிர்ப்பக்கத்திலிருந்து பயன்படுத்துகின்றன. இழைகள் உராயும்போது மின்னூட்டம் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று விலக்கிப் பிரியும், உருளைகளில் ஒட்டும், நூல் அறும். அதனால் அங்கே காற்றில் வேண்டுமென்றே ஈரத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள்.

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்த தலையில் சீப்பு வேலை செய்யாது. தலைக்குக் குளித்துக் காய்ந்த முடி வேண்டும், அல்லது ஒரு கம்பளித் துணி.

வேண்டிய பொருள்கள்: அகலமான செல்லோடேப், அரை அங்குலப் பிவிசி குழாய் ஒரு முழம், கம்பளி சால்வை அல்லது மஃப்ளர், சமையலறை அலுமினியத் தாள், பிளாஸ்டிக் மூடியுள்ள கண்ணாடி ஜாடி, வயரிங் செய்யும் செம்புக் கம்பி ஒரு சாண், டிவி பெட்டியில் வரும் தெர்மாகோல் பலகை, மெல்லிய தூண்டில் நைலான் நரம்பு, விளிம்பு வழவழப்பான ஓர் அலுமினியத் தட்டு. பழைய புத்தகங்களில் ஸ்ட்ரா வைத்துச் செய்யச் சொல்லியிருப்பார்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை இருக்கிறது. பிவிசி குழாய் அதைவிட நன்றாகவே வேலை செய்யும்.

படி 1: இரண்டு துண்டு டேப்

வழவழப்பான மேசை மேல் ஒரு நீளத் துண்டு டேப்பை ஒட்டி அப்படியே விட்டுவிடுங்கள். இது அடித்தளம். இனி ஒரு சாண் நீளத்தில் இரண்டு துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றின் நுனியையும் பிடித்துக்கொள்ள வசதியாக மடித்து, இரண்டையும் அடித்தளத்தின் மேல் அடுத்தடுத்து ஒட்டுங்கள். இரண்டையும் சட்டென்று உரித்து, பசையில்லாத பக்கங்கள் எதிரெதிரே இருக்கும்படி தொங்கவிட்டு அருகே கொண்டுவாருங்கள். அவை விலகி நிற்கும். ஒரே முறையில் தயாரான இரண்டு துண்டுகளில் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதற்கு இதுவே நேரடிச் சான்று.

அடுத்தது இன்னும் முக்கியமானது. ஒரு துண்டை அடித்தளத்தில் ஒட்டி அதன் மேல் ‘கீ’ என்று எழுதுங்கள். அதன் மேலேயே இன்னொரு துண்டை ஒட்டி ‘மே’ என்று எழுதுங்கள். இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே மெதுவாக உரித்தெடுத்து, விரலால் மேலிருந்து கீழாக இருமுறை நீவிவிடுங்கள். இப்போது அந்த இரட்டைத் துண்டைக் கையருகே கொண்டுவந்தால் கைப்பக்கம் சாயக் கூடாது. சாய்ந்தால் மறுபடி நீவுங்கள். சாயாமல் நின்றதும் ‘மே’யையும் ‘கீ’யையும் சட்டென்று பிரியுங்கள். இரண்டும் ஒன்றையொன்று வலுவாக ஈர்க்கும்.

இதேபோல் இன்னொரு ஜோடி செய்துகொள்ளுங்கள். மேயும் மேயும் விலக்கும். கீயும் கீயும் விலக்கும். மேயும் கீயும் ஈர்க்கும். உலகில் மின்னூட்டம் இரண்டு வகைதான் என்ற முடிவுக்கு 1733இல் பிரெஞ்சு அறிஞர் துஃபே இப்படித்தான் வந்தார். அவரிடம் இருந்தவை கண்ணாடியும் பிசினும்.

இனி, பிரித்த ஜோடியைக் கவனமாக மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிக் கையருகே கொண்டுசெல்லுங்கள். ஈர்ப்பு ஏறக்குறைய மறைந்துவிட்டிருக்கும். இந்த இடத்தில் நிதானமாக நின்று யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பிரித்தபோது இரண்டு துண்டுகளும் மின்னூட்டத்தோடு இருந்தன, சேர்த்தபோது மொத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே நாம் மின்னூட்டத்தை உண்டாக்கவில்லை. ஒரு துண்டிலிருந்து எடுத்து மற்றதில் வைத்தோம், அவ்வளவுதான். ஒன்றில் எவ்வளவு கூடியதோ மற்றதில் அவ்வளவு குறைந்தது. மின்னூட்ட அழிவின்மை விதி என்று பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோவது இதைத்தான்.

இங்கே நாம் எதையும் தேய்க்கவே இல்லை என்பதையும் பாருங்கள். ‘உராய்வு மின்சாரம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் வேண்டியது இரண்டு வெவ்வேறு பரப்புகள் தொட்டுப் பிரிவது மட்டுமே. தேய்ப்பதால் தொடும் இடங்கள் பெருகுகின்றன, அதனால் விளைவும் பெருகுகிறது.

படி 2: எது நேர், எது எதிர்

பட்டால் தேய்த்த கண்ணாடியில் சேர்வதை நேர்மின்னூட்டம் என்றும், அதற்கு மாறானதை எதிர்மின்னூட்டம் என்றும் கொள்வது 1747 வாக்கில் பெஞ்சமின் பிராங்க்ளின் தொடங்கிவைத்த வழக்கம். எலக்ட்ரான் கண்டறியப்பட்டது 1897இல். இடம் மாறும் எலக்ட்ரானோ எதிர்ப்பக்கத்தில் போய் நின்றது. எனவே ஒரு பொருளில் நேர்மின்னூட்டம் இருக்கிறது என்றால், பெரும்பாலும் அது எலக்ட்ரான்களை இழந்திருக்கிறது என்று பொருள். அணுக்கருவில் கட்டுண்ட புரோட்டான்கள் இடம்பெயர்வதில்லை.

கம்பளியால் தேய்த்த பிவிசி குழாயில் எதிர்மின்னூட்டம் சேரும். அதுதான் இனி உங்கள் அளவுகோல். குழாயைத் தேய்த்து ‘மே’, ‘கீ’ இரண்டின் அருகிலும் மெதுவாகக் கொண்டுசெல்லுங்கள். எது விலகுகிறதோ அது எதிர்மின்னூட்டம் பெற்றது. எது என்று நான் முன்கூட்டியே சொல்லாததற்குக் காரணம் உண்டு. டேப்பின் பசையும் பிளாஸ்டிக்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், அதற்கேற்ப விடையும் மாறும்.

படி 3: காகிதம் ஏன் ஒட்டுகிறது

அலுமினியத் தாளையும் காகிதத்தையும் அரிசி அளவுக்குக் கிழித்துத் தனித்தனியாகப் போட்டு, தேய்த்த குழாயை மேலே கொண்டுவாருங்கள். இரண்டும் தாவி ஒட்டும். அலுமினியத் துணுக்குகள் ஒட்டிய கணமே தெறித்து விழும். காகிதம் சற்று நேரம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு விழும்.

குழாயின் எதிர்மின்னூட்டம் துணுக்கிலுள்ள எலக்ட்ரான்களை அப்பால் தள்ளுகிறது. குழாயைப் பார்த்த பக்கம் நேர்மின்னூட்டம் மிஞ்சுகிறது, மறுபக்கம் எதிர்மின்னூட்டம் சேர்கிறது. மொத்தம் சுழிதான். ஆனால் மின்விசை தூரம் கூடக்கூட வேகமாகக் குறையும். பக்கத்திலிருப்பதன் மேல் செயல்படும் ஈர்ப்பு, தள்ளியிருப்பதன் மேல் செயல்படும் விலக்கத்தை வென்றுவிடுகிறது. காகிதத்தில் எலக்ட்ரான்கள் அவ்வளவு தூரம் ஓட முடியாது, மூலக்கூறுகளுக்குள்ளேயே சற்று விலகி நிற்கும். விளைவு ஒன்றுதான். துணுக்கு குழாயைத் தொட்டதும் குழாயின் மின்னூட்டம் அதில் ஏறுகிறது. இப்போது இரண்டும் ஒரே வகை, ஆகவே விலக்கம். அலுமினியம் கடத்தி என்பதால் இது நொடியில் நடக்கிறது.

படி 4: நிலைமின்காட்டி

டேப் துண்டு வகையைக் காட்டும். ஆனால் மின்னூட்டம் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்பதைப் பார்க்க ஒரு கருவி வேண்டும். செம்புக் கம்பியின் இரு முனைகளிலும் பிளாஸ்டிக் உறையைச் சீவிவிட்டு, நடுவில் உறையை விட்டுவைத்து, ஜாடி மூடியில் துளையிட்டு இறுக்கமாகச் செருகுங்கள். இடைவெளியை மெழுகால் அடையுங்கள். மேல் முனையில் அலுமினியத் தாளை உருட்டிப் பந்தாகச் செருகுங்கள். கீழ் முனையைக் கொக்கியாக வளைத்து, 4 செ.மீ. நீளமும் அரை செ.மீ. அகலமும் உள்ள இரண்டு அலுமினியத் தாள் பட்டைகளைத் துளையிட்டுத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். பட்டைகளில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. நகத்தால் நீவித் தட்டையாக்கிய பிறகே மாட்டுங்கள். ஜாடியை வெயிலில் காயவைத்து, மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே போட்டு மூடுங்கள். இந்தக் கடைசி வேலையைத் தவறவிட்டால் கடலோர ஊர்களில் கருவி பயன்படாது.

தேய்த்த குழாயைப் பந்தின் அருகே, தொடாமல் கொண்டுவாருங்கள். பட்டைகள் விரியும். எடுத்தால் சுருங்கும். இது தூண்டல். குழாயின் நீளம் முழுவதும் பந்தின் மேல் இழுபடும்படி உரசி எடுத்தால் விரிந்தபடியே நிற்கும். பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஓடாது, தொட்ட இடத்திலிருப்பது மட்டுமே இறங்கும். அதனால்தான் இழுத்து உரச வேண்டியிருக்கிறது.

இப்போது விரலால் பந்தைத் தொட்டு மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, வரிசை மாறாமல் இதைச் செய்யுங்கள்: குழாயை அருகே கொண்டுவந்து அப்படியே பிடித்திருங்கள். மற்றொரு கை விரலால் பந்தைத் தொடுங்கள். முதலில் விரலை எடுங்கள். பிறகு குழாயை எடுங்கள். குழாய் பந்தைத் தொடவே இல்லை, ஆனாலும் பட்டைகள் விரிந்து நிற்கும். குழாய் தள்ளிய எலக்ட்ரான்கள் உங்கள் உடல் வழியாகத் தரைக்குப் போய்விட்டன. விரலை எடுத்ததும் திரும்பிவரும் வழி அடைபட்டது. குழாயை முதலில் எடுத்திருந்தால் அவை விரல் வழியே திரும்பி வந்திருக்கும், ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஆகவே இப்போது கருவியில் இருப்பது நேர்மின்னூட்டம். சரிபார்க்க, படி 2இல் நேர் என்று கண்ட டேப்பைப் பந்தருகே கொண்டுவாருங்கள். பட்டைகள் இன்னும் விரிந்தால் உறுதி. எதிர்மின்னூட்டமுள்ள பொருளைக் காட்டினால் சுருங்குமே, அதையே சோதனையாகக் கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். கூடாது. மின்னூட்டமே இல்லாத கையைக் காட்டினாலும் சற்றுச் சுருங்கும். இங்கேயும் கூடுதல் விரிவு, அதாவது விலக்கம், மட்டுமே சான்று.

படி 5: எது கடத்தும், எது கடத்தாது

மின்னூட்டம் ஏற்றிய காட்டியின் பந்தை, கையில் பிடித்த ஒவ்வொரு பொருளாலும் தொட்டுப் பாருங்கள். ஆணி தொட்டால் பட்டைகள் உடனே விழும். பிளாஸ்டிக் ஸ்கேல் தொட்டால் அசையாது. காகிதம், தீக்குச்சி, பருத்தி நூல் இவற்றைத் தொட்டால் என்ன ஆகும்? பாடநூல் இவற்றைக் கடத்தாப் பொருள் என்கிறது. காட்டியோ அநேகமாகச் சுருங்கிவிடும்.

பாடநூலில் தவறில்லை. அது பேசுவது டார்ச் பேட்டரியையும் பல்பையும் பற்றி. இங்கே மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட், மின்னூட்டமோ மிகமிகச் சொற்பம். அதை வடிக்க மிக மோசமான கடத்தியே போதும். இதைப் புரிந்துகொண்டவர்கள் பிறகு ஒருபோதும் நிலைமின் சோதனைக்குப் பருத்தி நூலைத் தேடமாட்டார்கள்.

கடத்தியையும் கடத்தாப் பொருளையும் பிரித்தறிந்த வரலாறே நூலில்தான் தொடங்கியது. 1729இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே நீளமான சணல் நூல் வழியே மின்னூட்டத்தை அனுப்பிப் பார்த்தார். சணலைத் தாங்கப் பட்டு நூலைக் கட்டியிருந்தார். மெல்லியதாக இருப்பதால்தான் பட்டு மின்னூட்டத்தைக் கடத்திவிடாமல் காக்கிறது என்பது அவருடைய எண்ணம். பட்டு பாரம் தாங்காமல் அறுந்தபோது, அதே அளவு மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார். மின்னூட்டம் மறுமுனைக்குப் போய்ச் சேரவே இல்லை. கனத்தில் ஒன்றுமில்லை, பொருளில்தான் எல்லாம் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

படி 6: தீராத தட்டு

இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1775இல் பரவலாக்கிய எலக்ட்ரோஃபோரஸ் என்ற இந்தக் கருவியை நான் வேறெதையும்விட விரும்பிப் பரிந்துரைக்கிறேன். அலுமினியத் தட்டின் நடுவில் ஒரு காய்ந்த பிளாஸ்டிக் டம்ளரைப் பசையால் ஒட்டிக் கைப்பிடி ஆக்குங்கள். தெர்மாகோல் பலகையைக் கம்பளியால் ஒரு நிமிடம் நன்றாகத் தேயுங்கள். தட்டை அதன் மேல் வையுங்கள். தட்டை விரலால் தொடுங்கள், சிறு பொறி தட்டும். விரலை எடுத்துவிட்டு, டம்ளரை மட்டும் பிடித்துத் தட்டைத் தூக்குங்கள். இப்போது விரல் மூட்டை அருகே கொண்டுபோனால் ‘டிக்’ என்ற ஓசையோடு பொறி பாயும்.

மறுபடி தேய்க்காமல், வை, தொடு, தூக்கு என்று எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். நடப்பது படி 4இல் பார்த்த அதே தூண்டல். தெர்மாகோலின் எதிர்மின்னூட்டம் அங்கேயே இருக்கிறது, செலவாவதில்லை. அப்படியானால் பொறிக்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? உங்கள் கையிலிருந்துதான். தெர்மாகோலின் ஈர்ப்பை எதிர்த்துத் தட்டைத் தூக்குகிறீர்கள். அந்த வேலையே பொறியாகிறது.

உலர்ந்த காற்று ஒரு செ.மீ. இடைவெளிக்குச் சுமார் 30,000 வோல்ட்டில் முறிந்து கடத்தத் தொடங்கும். 3 மி.மீ. பொறி வந்தால் உங்கள் தட்டில் ஏறத்தாழ 10,000 வோல்ட். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் ஆளைக் கொல்லும், இது வெறும் சுள்ளென்ற கடியோடு போகிறது. இங்கே பாயும் மின்னூட்டம் அவ்வளவு சிறியது. இருட்டறையில், நியான் விளக்குள்ள டெஸ்டரின் பின்முனையில் விரல் வைத்து நுனியால் தட்டைத் தொட்டால் ஒரு கணம் சிவந்து மின்னும்.

சிறியது என்றாலும் சில இடங்களில் விளையாடக் கூடாது. பெட்ரோல் ஆவியோ சமையல் எரிவாயுவோ காற்றோடு சரியான விகிதத்தில் கலந்திருந்தால் அதைப் பற்றவைக்க மில்லிஜூலில் கால் பங்கு ஆற்றலே போதும். இந்தத் தட்டின் பொறி அதைத் தாண்டிவிடும். சமையலறையிலும் சானிடைசர் புட்டி அருகிலும் செய்யாதீர்கள். பட்டாசு ஆலைகளில் செயற்கை இழைத் துணியைத் தவிர்த்துப் பருத்தி உடை அணிவதற்கும், பெட்ரோல் பங்கில் டேங்கர் லாரியை எர்த் கம்பியோடு இணைத்த பிறகே இறக்கத் தொடங்குவதற்கும் இதுதான் காரணம். செல்பேசி, கணினி உதிரிபாகங்களைத் தள்ளி வையுங்கள். மனிதத் தோல் உணர 3,000 வோல்ட் அளவாவது வேண்டும், சில சிப்புகள் 100 வோல்ட்டிலேயே பாழாகும். தட்டின் மின்னூட்டத்தைத் தண்ணீர் நிரப்பிய ஜாடியில் சேமிக்கும் லேடன் ஜாடியைத் தொடக்கத்திலேயே முயலாதீர்கள். அது பல பொறிகளை ஒன்றாகத் திரட்டி ஒரே அடியாகத் தரும்.

படி 7: எலக்ட்ரான்களை எண்ணுதல்

11 மைக்ரான் அலுமினியத் தாளில் 6 செ.மீ. சதுரம் வெட்டினால் அதன் நிறை ஏறத்தாழ 0.1 கிராம். இப்படி மூன்று சதுரங்களை வெட்டி ஒரே அளவு பந்துகளாக உருட்டுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் நெட்டி (நீர்ச்செடியின் பஞ்சு போன்ற தண்டு) கிடைத்தால், மிளகளவு நெட்டித் துண்டின் மேல் தாளைச் சுற்றலாம். நெட்டியின் எடை பொருட்படுத்த வேண்டாத அளவே. இரண்டு பந்துகளை 50 செ.மீ. நைலான் நரம்பில் ஒரே புள்ளியிலிருந்து ஒன்றையொன்று தொடும்படி தொங்கவிடுங்கள். தூக்கிய தட்டால் இரண்டையும் சேர்த்துத் தொடுங்கள். அவை விலகி நிற்கும். பின்னால் ஒரு ஸ்கேலை வைத்து, மையத்துக்கு மையம் தூரத்தைப் பாருங்கள்.

தூரம் 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பந்தும் நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ. விலகியிருக்கிறது. 3ஐ 50ஆல் வகுத்தால் 0.06. சாய்வு சிறியது என்பதால், பந்தின் எடையில் இந்தப் பங்குதான் விலக்கு விசை. பந்தின் எடை சுமார் 0.00098 நியூட்டன். இரண்டையும் பெருக்கினால் விலக்கு விசை 0.000059 நியூட்டன். 1785இல் கூலூம் கண்ட விதிப்படி,

விசை = 900 கோடி × முதல் பந்தின் மின்னூட்டம் × இரண்டாம் பந்தின் மின்னூட்டம் ÷ தூரத்தின் வர்க்கம்

தூரத்தை 0.06 மீட்டர் என்று போட்டு, இரண்டு மின்னூட்டங்களும் சமம் என்று கொண்டால், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 5 நானோகூலூம் (கூலூமில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோகூலூம்) இருக்கிறது. ஒரு நானோகூலூம் என்பது 624 கோடி எலக்ட்ரான்களின் மின்னூட்டம். தட்டில் இருப்பது நேர்மின்னூட்டம் என்பதால், ஒவ்வொரு பந்தும் சுமார் 3,100 கோடி எலக்ட்ரான்களை இழந்திருக்கிறது. பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அந்த 0.1 கிராம் அலுமினியத்தில் உள்ள மொத்த எலக்ட்ரான்களோடு ஒப்பிட்டால், லட்சம் கோடியில் ஒன்று போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் இந்த விலக்கமெல்லாம் அவ்வளவு சிறு ஏற்றத்தாழ்வின் விளைவு.

விதியையும் சோதித்துவிடலாம். மூன்றாவது பந்தை நைலான் நரம்பில் கட்டி, விரலால் தொட்டு மின்னூட்டம் இல்லாமல் செய்து, தொங்கும் பந்துகளில் ஒன்றைத் தொடவையுங்கள். இரண்டும் ஒரே அளவு என்பதால் மின்னூட்டம் பாதியாகப் பிரியும். மறுபடி விரலால் தொட்டு இறக்கிவிட்டு, அடுத்த பந்தையும் அதேபோல் தொடவையுங்கள். இப்போது இரண்டிலும் பாதிதான் இருக்கிறது. தூரமும் பாதியாகி 3 செ.மீ. ஆகும் என்றே முதலில் தோன்றும். ஆனால் நெருங்க நெருங்க விலக்கமும் வலுப்பதால், கூலூம் விதிப்படி அது 3.8 செ.மீ. அளவில் நிற்க வேண்டும். வேகமாகச் செய்து உடனே அளந்துவிடுங்கள். தாமதித்தால் கசிவினால் தூரம் இன்னும் குறைந்துகொண்டே போகும்.